அப்பாவின் இடப்பக்கம்

பக்கவாதம் வந்த பிறகு அப்பாவுக்கு இடப்பக்கம் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது. கண்ணில் பழுதில்லை, மூளைதான் அந்தப் பக்கத்தைக் கண்டுகொள்வதில்லை என்றார் டாக்டர். தட்டில் வலப்பாதிச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, "ஒங்க அம்மாவுக்கு இன்னும் கஞ்சத்தனம் போகல" என்பார். தட்டைத் திருப்பி வைத்தால் மீதியையும் சாப்பிடுவார்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பார்க்க வேண்டும் என்று கொழும்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பிய என் தம்பி, மாத்தளைக்கு வந்து சேரவில்லை. வழியிலேயே லொறியில் மோதி இறந்துபோனான். அப்பா தாங்கமாட்டார் என்று மறைத்தோம். கருமாதி முடிந்த பிறகுதான் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

தம்பியின் படத்தை மாலையில்லாமல் வைக்க அம்மாவுக்கு மனம் வரவில்லை. அதனால் அப்பாவின் நாற்காலிக்கு இடப்பக்கச் சுவரில் மாட்டினோம். வாசம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பிளாஸ்டிக் மாலை; ஊதுபத்தியும் கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கெட்டிக்காரர்கள் நாங்கள்.

ஆஸ்பத்திரியில் தினமும் "தம்பி எப்ப வருவான்?" என்று கேட்டவர், வீட்டுக்கு வந்தபின் கேட்கவே இல்லை. வாசலில் உட்காரவைத்தால் இரத்தோட்டை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவர்களைக் கேலி செய்வார். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் மட்டும் கண்ணீர் வடியும்.

"அந்தப் பக்கம் என்னப்பா இருக்கு?"

"செவரு."

"பெறகு ஏன் அழுவுறீங்க?"

"தெரியலம்மா. எழவு வீட்டுல உக்காந்திருக்க மாதிரி இருக்கு."

டாக்டரிடம் கேட்டேன். பார்ப்பது தெரியாமலே படத்தின் அர்த்தம் உள்ளே போயிருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். அவருக்கு நிச்சயமில்லை. எனக்கு இருந்தது. காரணம் தெரிந்து அழுகிறவரைத் தேற்றலாம். எதற்கென்றே தெரியாமல் அழுகிறவரிடம் என்ன சொல்வது? துக்கத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளையின் பெயரை மட்டும் நாங்கள் பிடித்து வைத்திருந்தோம். எங்கள்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

அன்று சாயங்காலம் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கத்தவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கருமாதி?"

"முடிஞ்சிருச்சுப்பா."

"அப்ப நான் எங்க இருந்தேன்?"

"ஆஸ்பத்திரியிலப்பா" என்று சொல்லிவிட்டு, தம்பியின் படம் வலப்பக்கம் வரும்படி அவர் நாற்காலியைத் திருப்பி வைத்தேன்.