எண்ணூற்று நாற்பது குளவிகள்

ஏலவார்குழலியின் வேலை நன்றாக இருந்தால் யார் கண்ணிலும் படாது. கண்ணில் பட்டால் வேலை கெட்டது என்று அர்த்தம். தறியில் பழைய பாவு, அதாவது நீளவாக்கு இழைகள், தீர்கிற இடத்தில் புதுப் பாவை வைத்து, விரலில் சாம்பல் தொட்டு, இழைக்கு இழை முறுக்கிப் பிணைக்க வேண்டும். முடிச்சு கூடாது. ஒரு பாவுக்கு நாலாயிரத்துச் சொச்சம் இழை. காஞ்சிபுரத்தில் இந்த வேலைக்குத் தன்னை விட்டால் ஆளில்லை என்று குழலி பெருமைப்பட்டதில்லை. அது அவருக்குத் தெரிந்த ஒரு தகவல், அவ்வளவுதான்.

போன வருஷம் அவர் கணவர் மயில்வாகனம் நெய்த சேலைக்குப் பரிசு கிடைத்தது. பட்டு நெய்கிறவருக்கு பாலியெஸ்டர் பொன்னாடை போர்த்தினார்கள். "பாவுல ஒரு இழை தப்பல!" என்று நடுவர் மைக்கில் வியந்தார். அந்த இழைகளைப் பிணைத்தது யாரென்று கேட்கவில்லை. மயில்வாகனமும் சொல்லவில்லை, மைக்கைக் கண்டாலே அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்றிலிருந்து குழலிக்கு ஒரே ஆசை. தன் வேலைக்குப் பக்கத்தில் தன் பெயர் இருக்க வேண்டும். எழுத்தில், ஊர் பார்க்க.

அந்தச் சமயத்தில்தான் அதே தெருக்காரன் தேவேந்திரன் வந்தான். ஏனாத்தூரில் இன்ஜினியரிங் படித்தவன் என்பதால் முறைப்படி சினிமாவுக்குப் போயிருந்தான். அவன் டைரக்ட் செய்கிற படத்தின் பெயர் 'லட்சம் கொடுக்கு'. பாலாற்றில் மணலைத் தோண்டத் தோண்ட, அடியில் தூங்கிக்கொண்டிருந்த ராட்சசக் குளவிகள் எழுந்து வந்து ஊரையே கொட்டிக் கொல்கின்றன. மணல் என்ற வார்த்தையைக் கேட்டதுமே முதல் தயாரிப்பாளர் காணாமல் போனார். இரண்டாமவர் நின்றார், ஆனால் கிராபிக்ஸுக்கு வழியில்லை. லட்சம் கொடுக்குக்கு ஆகக்கூடிக் கிடைத்தது எண்ணூற்று நாற்பது பிளாஸ்டிக் குளவிகள்.

"தூண்டில் நரம்புல கட்டித் தொங்கவிட்டேன்க்கா. வெளிச்சம் பட்டா நரம்பு பளபளன்னு காட்டிக் குடுக்குது. முடிச்சு வேற தெரியுது."

"ஒத்தப் பட்டு இழைல முறுக்கிக் குடுத்தா உங்கப்பன் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது" என்றார் குழலி. "ஆனா படத்துல என் பேர் வரணும்."

"கண்டிப்பா போடறேன்க்கா. நீங்க கன்னாபின்னான்னு தொங்கவிட்டா போதும்."

மூன்று நாள் வேலை. ஓரிக்கை பக்கம் பாலாற்று மணலில் இரண்டு மூங்கில் நட்டு, மேலே சட்டம் கட்டி, கயிற்றை இழுத்தால் மொத்தக் கூட்டமும் முன்னால் வருகிற மாதிரி ஏற்பாடு. நாலாம் நாள் படப்பிடிப்பு. கேமராவுக்கு அன்று ஒரு நாள்தான் வாடகை. சாயங்காலம் திருப்பிவிட வேண்டும். காலையில் தேவேந்திரன் 'ஆக்‌ஷன்' சொன்னான். மயில்வாகனம் கயிற்றை இழுத்தார்.

குளவிகள் வந்தன. வரிசையாக வந்தன. ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசை, அளந்து வைத்த மாதிரி. இருபத்தைந்து வருஷமாக இழை பிசகாத விரல்களுக்குக் கன்னாபின்னா என்றால் என்னவென்றே தெரிந்திருக்கவில்லை.

"இன்னா குழலி இது?" என்றார் மயில்வாகனம். "குளவி கட்டச் சொன்னா முந்தானைக்கு புட்டாப் பூ போட்டுக்கினு வந்திருக்கிற?"

தேவேந்திரன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "போச்சுக்கா. கொலைகாரப் பூச்சி ரேஷன் க்யூல நிக்கிற மாதிரி வருது. இந்த சீனைத் தூக்கிடறேன்."

சீன் போனால் பெயரும் போகும். குழலி புடவையை இழுத்துச் செருகினார்.

"ஏம்பா, குரைச்சுக்கினு ஓடியாற நாயைப் பாத்து பயப்படுவியா, சத்தமில்லாம உன்னையே பாத்துக்கினு நேரா நடந்து வர்ற நாயைப் பாத்து பயப்படுவியா?"

"அது வேறக்கா..."

"ஒண்ணும் வேறயில்ல. குளவி கொட்டி ஒரு பொண்ணு சாவறதா சீன் வச்சிருக்கியே, நீ போய் அந்த எடத்துல நில்லு. கேமராத் தம்பி, நீ ஓட்டு. யாரும் வாயைத் திறக்கக் கூடாது."

தேவேந்திரன் முணுமுணுத்துக்கொண்டே போய் நின்றான். இந்த முறை குழலியே கயிற்றைப் பிடித்தார். விறுவிறுவென்று இழுக்கவில்லை. பாவைத் தளர்த்துகிற நிதானத்தில், சாண் சாணாக இழுத்தார். எண்ணூற்று நாற்பது குளவிகள், ஒன்றுகூட அவசரப்படாமல், ஒன்றுகூட வழி தவறாமல், அவனை நோக்கி வந்தன. தேவேந்திரன் முதலில் சிரித்தான். அப்புறம் ஒரு எட்டு பின்னால் வைத்தான். அப்புறம் இன்னொன்று. மணலில் கால் மடங்கி விழுந்து, "அம்மா!" என்று கத்தினான்.

"எடுத்துக்கினியா?" என்றார் குழலி கேமராக்காரரிடம்.

எடுத்திருந்தார். டைரக்டர் சாவதுதான் படத்தின் உயிர் என்று யூனிட்டே ஒப்புக்கொண்டது.

ஆறு மாதம் கழித்துப் படம் காஞ்சிபுரத்தில் ஒரு தியேட்டருக்கு வந்தது. குழலி தன் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு போனார். ஆரம்பத்தில் நன்றிக்கே நாலு நிமிஷம். 'எந்தப் பூச்சியும் துன்புறுத்தப்படவில்லை' என்று பூச்சிகளுக்குக்கூட ஒரு வரி இருந்தது. குழலியைக் காணோம்.

"கடைசில வருதுக்கா" என்று கிசுகிசுத்தான் தேவேந்திரன்.

வரிசைக் குளவி வந்தபோது அரங்கமே மூச்சை அடக்கியது. குழலி திரையைப் பார்க்கவில்லை. திரும்பி, முகங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

படம் முடிந்தது. பெயர்கள் மேலேறத் தொடங்கிய அதே நொடியில், எல்லாத் தியேட்டரிலும் நடக்கிற மாதிரி விளக்கு எரிந்தது, திரை வெளுத்தது, ஜனம் வண்டிச் சாவியைத் தேடியது. மயில்வாகனம் திரும்பிப் பார்த்தபோது பக்கத்து சீட் காலி. குழலி ஆபரேட்டர் அறைப் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தார்.

"பேரெல்லாம் யாரும் பாக்க மாட்டாங்கக்கா" என்றார் ஆபரேட்டர். "எல்லாம் போயிடுவாங்க."

"நீ போடுப்பா. பாக்க வைக்கிறது என் வேலை."

விளக்கு அணைந்தது. பெயர்கள் மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கின. குழலி படம் பாய்கிற சின்ன ஜன்னலில் முகத்தை வைத்துக் குரல் கொடுத்தார்.

"யாரும் எழுந்திரிக்காதீங்க! இன்னும் ஒரு குளவி பாக்கி இருக்குது!"

வாசல் வரை போனவர்கள்கூட அப்படியே நின்றார்கள். யாரோ காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டார். அந்த அமைதியில், அவசரமில்லாமல், ஒற்றை வரி மேலே வந்தது:

குளவிகள்: ம. ஏலவார்குழலி.

கீழே இருட்டில் ஒருவர் தனியாகக் கை தட்டினார். மயில்வாகனம்தான். "என் சம்சாரம்பா!" என்று அவர் போட்ட சத்தத்துக்கு மைக்கே தேவைப்படவில்லை.

குழலி அந்த வரி திரையின் மேல் விளிம்பைத் தாண்டும் வரை பார்த்தார்.

"இப்ப லைட்டைப் போட்டுக்கோப்பா" என்றார்.