எனக்குக் கண் தெரிந்தது

என் மச்சானின் கண் போனதற்கு நான்தான் காரணம். விதி என்பார்கள், கிரகம் என்பார்கள் சொந்தக்காரர்கள். நீங்கள் நம்பாதீர்கள். நான் ஒரு பொய் சொன்னேன், அவர் நம்பினார். அவ்வளவுதான்.

காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில், சைக்கிள் கடை வைத்திருந்தேன். பட்டு மூட்டையைக் கேரியரில் கட்டிக்கொண்டு போகிறவர்கள் என் கடையில் நிற்காமல் போகமாட்டார்கள். வளைந்த சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துக் கோட்டம் எடுப்பதில் எனக்கு நல்ல பெயர்.

எழுபதுகளின் தொடக்கத்தில் என் இரண்டு கண்களிலும் புரை விழுந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டிருந்தார்கள். வலக்கண்ணில் அறுவை செய்தார்கள். தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை; அசையக் கூடாது; இருமக் கூடாது... எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். கட்டை அவிழ்த்துச் சில வாரம் கழித்து, சோடா புட்டியின் அடிப்பாகம் போலத் தடித்த கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார்கள்.

அதைப் போட்டதும் அழுதேன். ஆனந்தத்தால் என்றா நினைக்கிறீர்கள்? வாசல் நிலை வில்லாக வளைந்தது. ஊற்றிய தண்ணீர் டம்ளருக்கு வெளியே விழுந்தது. பக்கவாட்டில் வருகிற ஆள் கண்ணிலேயே படாமல், திடீரென்று மூக்குக்கு முன்னால் முளைத்தான். சக்கரத்தில் ஒரு ஸ்போக் கம்பிகூட நேராக இல்லை! கோட்டம் எடுக்கிறவனுக்கு இதைவிட என்ன கேடு வேண்டும்?

டாக்டரிடம் போய்க் கத்தினேன். ஆபரேஷன் நன்றாகத்தான் ஆகியிருக்கிறது, பழகிவிடும் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இப்படி இருக்கும் என்று முன்னமே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அந்த எரிச்சலில் டீக்கடையிலும் தெருவிலும் சொல்லித் தீர்த்தேன்: என் கண்ணைக் கெடுத்துவிட்டார்கள், நிழல் மாதிரிதான் தெரிகிறது என்று. அன்றைக்கு அது பாதி உண்மை.

பிறகு... பழகிவிட்டது. டாக்டர் சொன்னபடியே. கண்ணை மட்டும் ஓட்டாமல் முகத்தையே திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். கம்பிகள் நேராயின. மண்ணில் உருண்டு போன சின்னஞ்சிறு பேரிங் குண்டைக்கூடக் குனிந்து எடுத்தேன்.

ஏன் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை? இந்த இடத்தைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு கூசுகிறது.

மறுபடி கோட்டம் எடுக்க உட்கார்ந்தபோது, ஒரு தறிக்காரர் வியந்துபோய், கண் தெரியாமல் எப்படி முடிகிறது என்று கேட்டார். "விரல்தான்பா பாக்குது" என்றேன். விளையாட்டாகத்தான். அந்தப் பேச்சு தெருவெல்லாம் பரவியது. நான் வேலை செய்வதைப் பார்க்க ஆட்கள் நின்றார்கள். என்னை அதுவரை யாரும் அப்படி நின்று பார்த்ததில்லை. இனித்தது... அந்தப் பாழாய்ப்போன புகழ் எனக்கு இனித்தது.

மச்சான் எல்லப்பன், என் மனைவி கன்னியம்மாவின் அண்ணன். தென்னேரியில் பயிர் வைத்துப் பிழைத்தவர். சிறு வயதில் நெல்தாள் குத்தி ஒரு கண் போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணிலும் புரை முற்றிக்கொண்டிருந்தது. அந்தக் கோடையில் வாலாஜாபாத்தில் கண் முகாம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, யாரோ பஸ் ஏற்றிவிட, நேரே என் கடைக்கு வந்தார். கடையில் நாலு பேர் இருந்தார்கள்.

"மாப்ளே, எனக்கு இருக்குறது ஒரே கண்ணு. நீ போன்னா போறேன். வேணாம்னா வேணாம்."

என் கையில் சக்கரம் இருந்தது. நாலு பேரும் என்னையே பார்த்தார்கள். எனக்கு நன்றாகத் தெரிகிறது என்று அங்கே சொன்னால், விரல் பார்க்கிற கதை என்ன ஆகும்?

"வேணாம் மச்சான். என்னப் பாத்துமா போவீங்க?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போனார்.

அன்று சாயங்காலம் கன்னியம்மா கேட்டாள். "உங்களுக்கு நல்லாத்தானே தெரியுது? எங்க அண்ணன்கிட்ட ஏன் அப்டி சொன்னீங்க?"

ஒற்றைக் கண், ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று அவளைப் பயமுறுத்தினேன். அவள் பயந்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

மழைக்காலத்தில் மச்சானின் கண் இரத்தமாகச் சிவந்தது. மண்டையைப் பிளக்கும் வலி, வாந்தி. சென்னைக்குக் கொண்டுபோனோம். முற்றிய புரை உள்ளேயே வீங்கி, அந்த அழுத்தத்தில் நரம்பு செத்துவிட்டது, கோடையிலேயே எடுத்திருந்தால் பார்வை நின்றிருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டர். என் முகத்துக்கு நேரே சொன்னார். கன்னியம்மா என்னைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள்.

அப்போதாவது சொன்னேனா? இல்லை. மச்சான் என் கையைத் தேடிப் பிடித்தார். நீ என்ன செய்வாய், உன் கண்ணைத்தான் கெடுத்துவிட்டார்களே என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சில மாதம் கழித்து இன்னொரு கொடுமை. விரலால் பார்க்கிற வேலையை எனக்கும் கற்றுக்கொடு என்று கடைக்கு வந்து உட்கார்ந்தார். கம்பிகளைத் தடவித் தடவி விரல் நுனி கிழிந்ததுதான் மிச்சம். உன் கை எனக்கு வாய்க்கவில்லையே என்று தன்னைத்தானே நொந்துகொண்டு போனார். அதையும் பார்த்துக்கொண்டிருந்தேன் நான்! நல்ல கண்ணோடு...

இன்றும் தென்னேரிக்குப் போய்வருகிறேன். ஒவ்வொரு முறையும் சொல்லிவிடத்தான் பஸ் ஏறுகிறேன். போன வாரமும் போனேன். கட்டிலில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். ஏரியில் தண்ணீர் எப்படி என்று கேட்டார்.

"கரை முட்ட நிக்குது மச்சான். நடுவுல கருவேல மரத்துல நாரைங்ககூட உக்காந்துக்கினு இருக்குது" என்றேன்.

அவர் மெல்லக் கேட்டார்.

"யாரு சொன்னாங்க மாப்ளே?"

கேட்டுவிட்டு என் பக்கம் முகத்தைத் திருப்பிக் காத்திருந்தார். என் வாய் வரை வந்தது...

"பஸ்ல பேசிக்கினாங்க" என்றேன்.