கிணற்றுக்கு வடக்கே

செம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், வடக்குப் பக்கம் ஓடும் ரயில் பாதையை அகலப்படுத்தப் போகிறார்கள், எங்கள் அடுக்களை அதில் போகிறது என்று தெரிந்தபோது அம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. தம்பி போன் செய்த மறுநாளே நான் குடியிருக்கும் சான்பாடாவிலிருந்து ரயில் பிடித்துப் போய் நின்றேன்.

அளக்க வந்திருந்த அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். "இந்த நிலத்துக்கு வெள்ளைக்காரன் காலத்துலயே நஷ்டஈடு கொடுத்தாச்சு மேடம். எல்லை சரியாத் தெரியலை, அதனால கட்டடத்துக்கு மட்டும் ஏதோ கிடைக்கும். சைன் போடுங்க" என்று இந்தியில் சொன்னார்.

அம்மா பேனாவுக்குக் கை நீட்டிவிட்டாள். நான்தான் தடுத்தேன்.

ஏனென்றால் எல்லை எது என்று எங்கள் வீட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கிணறுதான் எல்லை. அப்பாவின் தாத்தாவிடமிருந்து ரயிலுக்காக வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டது கிணற்றுக்கு வடக்கே இருந்த நிலத்தை மட்டும். அதற்குப் பணமும் கொடுத்துவிட்டான். தெற்கே உள்ளது எங்களுடையது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்பா இருந்தவரை இந்தக் கதையைச் சொல்லுவார். குழாய்த் தண்ணீர் வந்த பிறகு கிணற்றின் மேல் கற்பலகை போட்டு மூடி, அதன் மேல் அடுக்களையை இழுத்துக் கட்டியவரும் அவர்தான். நானும் தம்பியும் அந்தக் கிணற்றைப் பார்த்ததில்லை. "பின்செவருக்கு நேர் கீழ இருக்கு" என்பார்.

அப்படியானால் அடுக்களை முழுக்க எங்கள் நிலம். கட்டடத்துக்கு மட்டும் பிச்சை போடுவதுபோல் எதையோ கொடுத்தால் வாங்கிக்கொண்டு பேசாமல் போவதா? நிலத்துக்கும் கொடுத்தால் மாடியில் அம்மாவுக்கு நல்லதாக ஒரு அடுக்களை கட்டலாமே. கிணற்றுக்கு வடக்கே இருப்பதுதான் ரயில்வே நிலம், தெற்கே எங்களுடையது என்று அதிகாரியிடம் சொன்னேன்.

"கிணறு இருக்குன்னா காட்டுங்க, எழுதிக்கிறேன்" என்றார் அதிகாரி.

"காட்டுறேன்" என்றேன்.

"ஏட்டி, தோண்ட வேண்டாம். அவரு தாரத வாங்கிட்டுப் போவோம்" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரும்மா. இப்படி எல்லாத்துக்கும் தலையாட்டித்தான் நம்மள ஏய்க்கிறாங்க."

அம்மா அடுப்பைத் தூக்கி முன்னறையில் வைத்துவிட்டு, கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டாள். பழகிய தரையை உடைக்கிறோமே என்ற வருத்தம் என்று நினைத்தேன்.

தம்பி கூட்டி வந்த ஆட்கள் பின்சுவர் ஓரமாக உடைத்தார்கள். மண்தான் வந்தது. இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தார்கள். அங்கேயும் மண், கரித்தூள். பாதி அடுக்களை குழியாகிவிட்டது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. "இன்னும் உடைங்க" என்று கத்தினேன்.

கடைசியில் அடுக்களை வாசற்படியை ஒட்டிக் கடப்பாரை கல்லில் மோதியது. பலகையைப் புரட்டினார்கள். கீழே தண்ணீர் தெரிந்தது.

"பாருங்க சார்!" என்று துள்ளினேன். என்னைப்போல ஒரு மடச்சி உண்டா!

அதிகாரி குனிந்து பார்த்தார், போட்டோ எடுத்தார். பிறகு டேப்பின் ஒரு நுனியைக் கிணற்று விளிம்பில் வைத்து, மறுநுனியைப் பின்சுவர்வரை இழுத்துக்கொண்டு போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாசற்படி தாண்டி அடுக்களை முழுவதும் கிணற்றுக்கு வடக்கே இருந்தது.

"கிணத்துக்கு வடக்க ரயில்வே நிலம்னு நீங்களே சொன்னீங்க மேடம். ஆக்கிரமிப்புக்கு எதுவும் வராது. கட்டடத்துக்கும்தான்" என்றார். நக்கலாகக்கூடச் சொல்லவில்லை. நக்கலாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அவர் போனதும் அம்மாமேல் பாய்ந்தேன். "உனக்குத் தெரியுமாம்மா?"

"தெரியாம என்ன? கல்யாணம் முடிஞ்சு வந்த புதுசுல இதுலதான் தண்ணி எறைச்சேன். ரயில்காரன் எடம் சும்மாதான் கெடந்துது. ரெண்டு பிள்ளையளும் வந்தா வீடு காணாதுன்னு ஒங்க அப்பா செவர அந்தப் பக்கமாத் தள்ளிக் கட்டுனாவ. மண்ணு சொமந்ததே நாந்தான்."

"அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"தோண்டாதன்னு சொன்னம்லா. பெறவு என்ன சொல்லச் சொல்லுத? செத்துப் போன மனுசன, பெத்த பிள்ளைய முன்னால வச்சு, களவாணின்னா?"

தம்பி கடப்பாரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரயில்காரர்கள் இடிக்க வருவதற்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. அதற்குள் அம்மாவின் அடுக்களையை நாங்களே இடித்து முடித்திருந்தோம்.

அம்மா கட்டிலைவிட்டு எழுந்து, குழியின் ஓரமாக வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"தண்ணி நல்லாத்தான் கெடக்கு" என்றாள். "செரி, ராத்திரிக்கு எங்கன வச்சு சோறு பொங்க? அதச் சொல்லு மொதல்ல."