சுவருக்குப் பின்னாலிருந்து வந்த கேள்வி

சமையலறையில் குக்கர் சீறிக்கொண்டே இருந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்த மூன்று பேரில் வீட்டுக்காரி விசித்தாசியோனுக்கு மட்டும் அது கேட்கவில்லை.

சட்டென்று எழுந்தாள் மாரென்.

"விருந்தாளி வந்திருக்கறப்ப எங்கடி ஓடற?"

"அடுப்பை அணைக்கப் போறேன், விசிம்மா."

ஸ்பெயினின் சலமாங்கா நகரில், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், இருபத்திரண்டு வருடங்களாக ஸ்பானிஷ் படிக்க வரும் பெண்களைத் தங்கவைத்துச் சோறு போடுகிறவள் விசி. கணவர் செலெதோனியோ இறந்த பிறகு, மேசையில் ஒற்றைத் தட்டோடு தனியாக உட்காரும் நிலை வராமல் அவளைக் காப்பாற்றியது அந்தப் பெண்கள்தான். இப்போது இருப்பவள் மாரென், டென்மார்க்காரி. வந்து நான்கு வாரம். விசிக்குக் காது கேட்காது, உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறாள் என்று முதல் வாரமே தெரிந்துகொண்டாள். அன்று முதல் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்து, உதடு நன்றாகத் தெரியும்படி வாயைத் திறந்து பேசுகிறாள். வெளியே மூச்சு விடவில்லை.

இலையுதிர் காலத்தில் இந்த வீட்டுக்குப் பெண்களை அனுப்பலாமா என்று முடிவு செய்ய, மொழிப் பள்ளியிலிருந்து எர்மினியா வந்திருந்தாள்.

"எப்படி ஸ்பானிஷ் பேசப் பழக்கறாங்க உன்னை?" என்று மாரெனைக் கேட்டாள்.

"தினமும் ஒரு சாமான் வாங்க அனுப்புவாங்க. வரைபடம் கூடாது, வழியில கேட்டுக் கேட்டுத்தான் போகணும். மதியம் சாப்பிடறப்ப போன வழியெல்லாம் சொல்லணும். கதை நல்லா இருந்தாத்தான் இனிப்பு."

"நேத்து எங்க போன?"

"கன்னியர் மடத்துக்கு, பாதாம் பிஸ்கட் வாங்க. சுவரெல்லாம் கல்லுல சிப்பி செதுக்கின பழைய வீட்டுக்கிட்ட வழி தப்பி, ஆத்துப் பாலம் வரைக்கும் போயிட்டேன். அங்கேயிருந்து பார்த்தாத்தான் கதீட்ரல் எவ்வளவு பெரிசுன்னு தெரியுது. மடத்துல ஆளே கண்ல படல. சுவத்துல மரக்கூண்டு ஒண்ணு சுத்துது, காசை அதுல வெச்சா பிஸ்கட் வரும். உள்ளேருந்து 'மாசற்ற மரியே'ன்னு குரல் வந்துச்சு. அதுக்கு ஜெபத்தாலதான் பதில் சொல்லணும்னு தெரியாம, நான் 'நல்லா இருக்கேன், நீங்க?'ன்னு கேட்டுட்டேன்."

எர்மினியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாரெனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"விசி வீட்டுப் பொண்ணுன்னு சொன்னேன். 'ரெண்டு வருஷமா அவளைக் காணோமே, செத்துப்போயிட்டாளோன்னு ஜெபம் பண்ணிட்டிருந்தோம்'னாங்க!"

சொன்ன பிறகுதான் அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எர்மினியாவின் சிரிப்பு நின்றது. பேனாவை எடுப்பதுபோல் முகத்தைத் திருப்பி, மெதுவாகக் கேட்டாள். "ஏன் நீங்க போறதில்ல?"

விசிக்கு அது கேட்கவில்லை. மாரெனின் முகம் சிவந்ததைப் பார்த்ததும் விசிக்குப் புரிந்துவிட்டது.

"ஏதோ கேட்டே, இல்ல? மடத்துக்கு ஏன் போறதில்லேன்னுதானே? அந்தச் சுவத்துக்கு உதடு இல்ல, எர்மினியா."



"என்கிட்ட மறைச்சுட்டீங்க," என்றாள் எர்மினியா, இப்போது நேருக்கு நேராக.

"மறைச்சேன். ஆனா ஒண்ணு கேட்டுக்கோ. மத்த வீட்டுல பாதி வார்த்தையை முழுங்கினாலும் தலையாட்டுவாங்க. இங்க முழுசாச் சொன்னாத்தான் சோறு. இவ பேசறதைப் பார்த்தே இல்ல?"

"பார்த்தேன். நல்லாத்தான் பேசறா. ஆனா குக்கர் வெடிச்சா நான் யாருக்குப் பதில் சொல்றது? செப்டம்பருக்குள்ள காதுக்கு மெஷின் வைங்க. ரெண்டு பொண்ணு அனுப்பறேன். இல்லேன்னா பேரை எடுத்துடுவேன்."

விசி ஜன்னல் பக்கம் திரும்பினாள். 'மெஷின் வைத்தால் கிழவி' என்று மூன்று வருடமாகச் சொல்லி வந்தவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது குரல் மட்டும் பழைய அதிகாரத்தோடு இருந்தது.

"வெள்ளிக்கிழமை காது டாக்டர்கிட்ட போறேன். மாரென் கூட வரணும். அந்த டாக்டருக்கு வாயை மூடற மீசை."

எர்மினியா தாளில் 'இரண்டு பேர்' என்று எழுதி அவளிடம் காட்டினாள். பிறகு கன்னத்தோடு கன்னம் வைத்து விடைபெற்றுப் படியிறங்கினாள். விசி கதவைச் சாத்தினாள்.