உறைந்த கடலில் மீன் பிடித்த செராங்கு

அந்தத் தூண்டில் ஒரு முழம்கூட இல்லை. ஒரு மரக் கைப்பிடி, அதன் நுனியில் வளைந்து கொடுக்கும் குச்சி, கைப்பிடியில் அடித்த இரண்டு ஆணிகளில் சுற்றிய நூல். அவ்வளவுதான். திருகோணமலையில் ஐந்து வயதுப் பிள்ளைகூட அதைத் தூண்டில் என்று ஒத்துக்கொள்ளாது. எங்கள் செராங்கு அதுதான் தூண்டில் என்றார். அதனால் அவரைப் பொய்யர் என்றோம். முதலில் சொன்னவன் நான்.

எழுபதுகளின் தொடக்கம். சரக்கேற்றிய பாரப்படகுகளைக் கப்பலிலிருந்து கரைக்கு இழுத்துவருவது எங்கள் கம்பனியின் வேலை. இழுவைப் படகை ஓட்டியவர் கிண்ணியாக்காரரான அந்தச் செராங்கு. அண்ணன் முறையில் அவரைக் 'காக்கா' என்போம். கீழே எஞ்சினோடு கிடந்தவன் நான். மாரி மழை பிடித்தால் கப்பல்காரர் சரக்கறையைத் திறக்கமாட்டார்கள். வேலை நின்றுவிடும். நாங்கள் இறங்குதுறை விளிம்பில் வரிசையாக நின்று நீளத் தூண்டில் வீசுவோம். செராங்கு மட்டும் பலகை உடைந்த ஓர் ஓட்டைக்குப் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் குட்டித் தூண்டிலை ஓட்டைக்குள் விட்டுக்கொண்டிருப்பார். கேட்டால் கதை தொடங்கும். இளவயதில் வெளிநாட்டுச் சரக்குக் கப்பலில் வேலை செய்தாராம். வடக்கே ஒரு துறைமுகத்தில் கடல் உறைந்து, கப்பல் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டதாம். அந்த ஊர்க்காரர் கடலின் மேலே நடந்துபோய், ஐஸில் ஓட்டை போட்டு, வாளியில் குந்தியிருந்து மீன் பிடித்தார்களாம். அவரும் போனாராம். தூண்டில் அவர்கள் கொடுத்ததாம்.

"பசிக்கில்லைத் தம்பி. குளிர்காலத்தில அவங்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு. வீட்டில இருக்க ஏலாது, வந்து குந்திருவாங்க."

எங்களுக்கு ஐஸ் என்றால் மரத்தூளில் புதைந்து மீன் லொறிக்கு வரும் கட்டி. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. தெரியாதவனுக்குத்தானே வாய் அதிகம். ஒரு நாள் அப்படி வந்த ஒரு முழுக் கட்டியை நாலு பேர் சேர்ந்து கடலில் தள்ளினோம். "காக்கா, இப்ப பாருங்கோ" என்று கத்திக்கொண்டு நான் அதன்மேல் கால் வைத்தேன். கட்டி உருண்டது. நான் ஒயில் மிதந்த தண்ணீருக்குள் போனேன். துறையே சிரித்தது. மேலே வந்ததும் நான் கத்திய முதல் சொல் "பொய்!"

செராங்குதான் கை கொடுத்துத் தூக்கினார். "அது ஒரு கட்டி தம்பி. நான் நிண்டது முழுக் கடல்."

அதை யார் கேட்டார்கள்? அன்றிலிருந்து துறை முழுக்க அவர் ஐஸ் செராங்கு. அவர் எதைச் சொன்னாலும் "ஐஸ் கதை" என்றோம்.

இரண்டு கிழமைக்குப் பிறகு இழுவைக் கயிறு அறுந்தது. அறுந்த முனை திரும்பி வந்து அடித்ததில் எங்கள் படகில் கயிறு பிடிக்கும் சாம்பல்தீவு ஆளின் கால் இரண்டாக முறிந்தது. இரண்டு பிள்ளைகளின் தகப்பன். ஒரு துளி குடிக்காதவன். மனேஜர் எங்களையெல்லாம் கந்தோருக்குக் கூப்பிட்டார். கயிறு நல்ல கயிறு, இவன் குடித்துவிட்டு நின்றான் என்று முதலே எழுதிவைத்திருந்தார். செராங்கு கையெழுத்துப் போடவேண்டியதுதான் மிச்சம். போட்டால் ஆஸ்பத்திரியில் கிடப்பவனுக்கு வேலை இல்லை.

செராங்கு பேனையைத் தொடவில்லை. "கயிறு உள்ளுக்க உக்கிப்போச்செண்டு போன கிழமை உங்களிட்டச் சொன்னனான், சேர்."

"ஓ, கடலுக்கு மேல நடந்து மீன் பிடிச்ச ஆள் நீர்தானே?" என்றார் மனேஜர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாய் தவறிச் சிரித்தேன் என்று இப்போது பூசி மெழுகமாட்டேன். மனேஜருக்கு அந்தக் கத்தியைத் தீட்டிக் கொடுத்தவனே நான். செராங்கு கோபிக்கவில்லை. என்னைப் பார்த்தார். எஞ்சின் தயாரா என்று மேலிருந்து குனிந்து பார்ப்பாரே, அதே பார்வை.

"சொன்னவர், சேர்" என்றேன். "நான் ஒயில் டின்னோட பக்கத்தில நிண்டனான். 'இந்த மாசம் தாங்கும், போம்' எண்டு நீங்க சொன்னதும் கேட்டது."

சிரிப்பு நின்றது. "யோசிச்சுக் கதையும்" என்றார் மனேஜர்.

"யோசிச்சிட்டன். அவர் கடலுக்கு மேல நடந்ததும் உண்மைதான்."

அது உண்மையா என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனாலும் சொன்னேன். சொன்னது சரி.

அந்தக் கடதாசியில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. சாம்பல்தீவு ஆள் நொண்டிக்கொண்டு வந்து வாசல் காவலில் நின்றான். என்னைப் படகிலிருந்து இறக்கி மூட்டை தூக்கவிட்டார்கள். தூக்கினேன். நான் படகை விட்ட அன்று செராங்கு தூண்டிலைக் கையில் தந்தார். "ஆரும் பொய்யெண்டா இதைக் காட்டு."

"இதைக் காட்டினதாலதானே காக்கா உங்களைப் பொய்யன் எண்டனாங்கள்?"

அவர் குலுங்கிச் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

நாற்பது வருடம் கழித்து, கனடாவில் மகள் வீட்டுக்குப் பக்கத்து ஏரி உறைந்தபோது அந்தத் தூண்டிலோடு போனேன். இரும்புக் கம்பியால் தட்டிப் பார்த்துக் கால் வைத்தேன். அசையவில்லை. சற்றுத் தள்ளி ஒரு லொறி ஐஸின் மேலே போனது. ஓட்டை போட்டு, வாளியில் குந்தினேன். ஓட்டைக்கு மேலேயே இருப்பவனுக்கு நீளத் தூண்டில் எதற்கு? ஒரு பகல் முழுக்க இருந்து ஒரு சாண் மீன் ஒன்று பிடித்தேன். செராங்கு அதற்கு முன்பே மண்ணுக்குள் போய்விட்டார். யாரிடம் சொல்ல?

ஊருக்கு வந்ததும் துறைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் சொன்னேன். ஒருவன் தூண்டிலை எடுத்துக் கையால் அளந்தான். "முழம்கூட இல்லை ஐயா. ஒரு ஐஸ்கட்டி கொண்டு வரட்டா, ஏறிக் காட்டுறீங்களோ?" கடை முழுக்கச் சிரித்தது.

தூண்டிலை வாங்கி மேசையில் வைத்தேன்.

"கட்டியில ஏறி விழுந்த ஆளும் நான்தான்" என்றேன். "இருங்கோ, அதையும் சொல்லுறன்."