பச்சை இலை போட்ட உறை

“மண்ணில் மக்கி உரமாகும் உறை” என்ற வரியை எழுதியவன் நான். கோவில்பட்டியில் செய்யப்படும் ஒரு கடலைமிட்டாயின் பாக்கெட்டில், பின்பக்கம், பச்சை இலைப் படத்துக்குக் கீழே அது இருக்கிறது. யார் எழுதியது என்று அதில் போடவில்லை. யாரும் வந்து கேட்கப்போவதும் இல்லை. அதனால் நானாகத்தான் சொல்ல வேண்டும்.

முப்பது வருஷத்துக்கு மேல் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவன். தெரியாமல் எழுதிவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

மிட்டாய்க்காரர் எங்கள் தெருவுக்குப் பின்னால் பட்டறை வைத்திருப்பவர். போன வருஷம் தீபாவளிக்கு முன்பு ஒருநாள் காலையில், உறைக்கான சுருள் ஒன்றையும் ஒரு ஜெராக்ஸ் தாளையும் எடுத்துக்கொண்டு வந்தார்.

“சார், இது புது ரோலு. ஏதோ பவுடர் கலந்திருக்காம். இனிமே பிளாஸ்டிக்குன்னு சொல்லி நம்மள ஒருத்தரும் மறிக்க முடியாது. இங்கிலீஷ்ல ரோலுக்காரனே அடிச்சுத் தாரான். நம்ம ஆளுகளுக்கு வெளங்குத மாதிரி தமிழ்ல நறுக்குன்னு ஒரு வரி எழுதித் தாங்க.”

தாளைப் படித்தேன். வெயிலும் சூடும் பட்டால் சில மாதங்களில் உறை வலுவிழந்து துண்டு துண்டாக நொறுங்கும் என்று இருந்தது. மண்ணுக்குள் போனால் என்ன ஆகும் என்பதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. முதல் வாசிப்பிலேயே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பிளாஸ்டிக் நொறுங்கினால் சின்னப் பிளாஸ்டிக் ஆகும், அவ்வளவுதான். வைக்கோல் மக்குவது வேறு, இது வேறு. பிளஸ் டூ பிள்ளைகளிடம் இரண்டு மதிப்பெண்ணுக்கு நான் கேட்டிருக்கக்கூடிய கேள்வி.

முதலில், “வெயிலில் பொடிந்துபோகும் உறை” என்று எழுதிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

“சார், வாங்குதவன் மிட்டாய்தான் பொடிஞ்சிருக்குன்னு நெனப்பான்.”

அடுத்து, “பயன்பாட்டுக்குப் பின் சிதைவடையும்” என்றேன்.

“இது என்ன சார், கருமாதிப் பத்திரிகை மாதிரி இருக்கு. மண்ணு, உரம், அப்படி ஏதாவது வரட்டும்.”

மூன்றாவதாக எழுதியதுதான் அந்த வரி. அவர் இரண்டு தடவை சத்தமாகப் படித்துப் பார்த்து, “சார்னா சார்தான்” என்றார். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. ஓய்வு பெற்ற பிறகு யாரும் என்னிடம் எதையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்டதில்லை. உண்மையான காரணம் அதுதான். எல்லாக் கடைப் பொருளிலும் இப்படி ஏதாவது போட்டிருக்கிறது, யார் படிக்கப்போகிறார்கள் என்றும் நினைத்துக்கொண்டேன்.

படித்தவள் என் தங்கை.

பசுவந்தனை சாலையிலிருந்து உள்ளே போகும் ஒரு ஊரில் அவள் இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். கணவர் இறந்த பிறகு நாலு குறுக்கம் மானாவாரிக் கரிசலைத் தனியாகவே பாடுபட்டுப் பார்க்கிறாள். ஒரு குறுக்கம் என்பது கிட்டத்தட்ட ஒரு ஏக்கர். ஊர் மகளிர் குழுவுக்கும் அவள்தான் தலைவி. கோவில்பட்டிக்கு வந்திருந்தபோது நானே பாக்கெட்டை எடுத்து நீட்டி, “இந்த வரியை எழுதுனது யாருன்னு சொல்லு பாப்போம்” என்றேன். என் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு அந்த உறையை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

அவள் அதை என்ன செய்வாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பக்கத்து ஊர்களை அறிந்தவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அங்கே வீட்டுக்கு வீடு குப்பைக்குழி உண்டு. சாணம், ஆட்டுப்புழுக்கை, அடுப்புச் சாம்பல், முற்றம் கூட்டிய குப்பை எல்லாம் வருஷம் முழுக்க அதில் சேரும். ஆவணியில் அள்ளிக்கொண்டுபோய்க் காட்டில் பரப்பி உழுவார்கள். மானாவாரி நிலத்தைத்தான் அங்கே காடு என்பார்கள். மழைக்கு முன்னால், புரட்டாசியில், காய்ந்த புழுதியிலேயே விதையைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீர்ப்பாசனம் கிடையாது. அந்த ஒரு விதைப்புதான் வருஷத்துக்கும். அதனால் குழியை அடுக்களை மாதிரி வைத்திருப்பார்கள். கூட்டி அள்ளிய குப்பையில் ஒரு பாலித்தீன் துண்டு கிடந்தால்கூடப் பெண்கள் குனிந்து பொறுக்கித் தூரப் போட்டுவிட்டுத்தான் மீதியைக் குழியில் தட்டுவார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கைப்பழக்கம்.

அந்தப் பழக்கத்தை என் வரி நிறுத்திவிட்டது.

பங்குனியில் அவள் ஊர்க் கோவில் கொடைத் திருவிழாவுக்குப் போனபோதுதான் பார்த்தேன். அவள் வீட்டுக் குழியிலிருந்து வெள்ளியும் பச்சையுமாக உறைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. மிட்டாய் உறை மட்டுமல்ல. சோப்புத்தூள், ஷாம்பு, தலைச்சாயம், முறுக்குப் பாக்கெட், பின்பக்கம் ஒரு பச்சை இலையோ உருண்டையான பூமிப் படமோ போட்டிருந்த எல்லாம் அங்கே இருந்தன.

“இலை போட்டது குழிக்கு, போடாதது ஓடைக்கு. எல்லா வீட்டுலயும் கறாரா சொல்லிட்டேம்ணே” என்றாள் தங்கை. முகமெல்லாம் பெருமை.

பக்கத்து வீட்டுப் பெண் முறத்தோடு வந்து நின்றாள். “வாத்தியாரய்யா, ஒங்க தங்கச்சி பண்ணுத கெடுபிடி தாங்கல. தெரியாத்தனமா ஒரு சோப்புக் கவர அடுப்புல போட்டுட்டேன். மண்ணுக்குப் போவ வேண்டியத எரிச்சிட்டியேட்டின்னு என்னா ஏச்சுங்கீய! எங்க மாமியா கூட அப்படி ஏசுனதில்ல.”

“பின்ன? எங்க அண்ணன் சும்மாவா எழுதுவாவ?” என்றாள் தங்கை.

எல்லோரும் சிரித்தார்கள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். “நல்லதுதான்” என்றேன்.

திரும்பி வரும்போது அவள் காட்டு மண்ணில் ஒரு பை அள்ளிக்கொண்டு வந்தேன். தொட்டியில் போட்டு ஒரு மிட்டாய் உறையைப் புதைத்து நனைத்துக்கொண்டே இருந்தேன். இன்னொன்றை மொட்டைமாடிக் கம்பியில் வெயிலில் கட்டினேன். எனக்குத் தெரிந்த விஷயத்தைத் தொட்டி பொய்யாக்கிவிடாதா என்ற நப்பாசை. ஆடியில் தோண்டினேன். புதைத்த உறை அப்படியே வந்தது. கழுவினால் மறுபடி மிட்டாய் போட்டுக் கட்டலாம். வெயிலில் கட்டியது தொட்டவுடன் உதிர்ந்தது. காற்று அடித்ததும் துணுக்குகள் மாடி முழுக்கப் பறந்தன. துடைப்பத்தால் கூட்டியும் சேரவில்லை.

கரிசல் மற்ற மண் மாதிரி இல்லை. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மழை பெய்தால் வெடிப்பு மூடிக்கொள்ளும். உள்ளே விழுந்தது விழுந்ததுதான். ஒரு உழவு உழுதுவிட்டால் அந்தத் துணுக்குகளை எடுக்க எந்த மனிதனாலும் முடியாது. மேலே விழுந்த விதைக்குக் கீழே ஒரு துண்டு கிடந்தால் வேர் எங்கே போகும், துகள்கள் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போனால் அந்த மண் என்ன ஆகும் என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. தெரியாததுதான் பயமாக இருந்தது. அவளுக்கு அந்த நாலு குறுக்கத்தை விட்டால் வேறு ஒன்றும் கிடையாது.

சொல்வதற்கென்று இரண்டு தடவை பஸ் ஏறினேன். முதல் தடவை அவள் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தாள். காத்திருக்கலாம், காத்திருக்கவில்லை. பூட்டிய கதவைப் பார்த்ததும் நிம்மதியாகக்கூட இருந்தது. இரண்டாவது தடவை சாப்பிட உட்காரவைத்துவிட்டாள். இரத்த அழுத்த மாத்திரையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். காலண்டரில் ஆவணி நெருங்கிக்கொண்டிருந்தது. காலையில் எழுந்தவுடன் தேதித்தாளைக் கிழிக்கவே கை வரவில்லை.

ஒரு நாள் மதியம் போன் வந்தது.

“அண்ணே, நாளைக்குக் குப்ப அடிக்கோம். டிராக்டர் சொல்லியாச்சு. பரத்தி உழுதுட்டா வெதப்புக்குச் சரியா இருக்கும்.”

“சரிம்மா” என்றுதான் சொன்னேன்.

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். அது வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்று நின்று போயிற்று. நான் இறங்கி நடந்து சேர்வதற்குள் இரண்டு நடை போய்விட்டிருந்தது. கீழ்க்காட்டில் ஆட்கள் பரப்பிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது நடைக்கு டிரெய்லர் குழி ஓரத்தில் நின்றது. தங்கை தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு நின்றிருந்தாள்.

“வாங்கண்ணே, என்ன சொல்லாம கொள்ளாம?”

“டிராக்டரை நிறுத்தச் சொல்லு.”

“ஏன், என்ன?”

“அந்தக் கவரு மக்காது.”

“எந்தக் கவரு?”

“எதுவுமே. இலை போட்டது எதுவும் மக்காதும்மா. நான் எழுதிக் கொடுத்ததும் மக்காது.”

டிராக்டர்க்காரன் இஞ்சினை அணைத்தான். “நான் அப்பவே நெனச்சேன் அண்ணாச்சி. கவரு மக்குமுன்னா எங்க ஊரு கம்மாய்ல நெல்லுல்லா வெளஞ்சிருக்கணும்” என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை.

தங்கை என் முகத்தையே பார்த்தாள். “இப்பந்தான் தெரிஞ்சுதாண்ணே?”

எனக்கு ஒரு வழியை அவள் திறந்துவிட்டாள். தொட்டியில் புதைத்துப் பார்த்தேன், இப்போதுதான் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். தொட்டி வைத்தது உண்மைதானே. வாய் வரைக்கும் அந்தப் பதில் வந்துவிட்டது.

“இல்ல. எழுதும்போதே தெரியும்” என்றேன்.

பக்கத்து வீட்டுப் பெண், “நல்லாருக்கே! எக்கா, அந்த ஒரு கவருக்கு என்னைய நாயே பேயேன்னு ஏசுனியேக்கா” என்று ஆரம்பித்தாள்.

“ஏட்டி, சும்மா இரு.” தங்கை மண்வெட்டியைக் கீழே வைத்தாள். “பங்குனியில இங்கன நின்னுதான் குழிய எட்டிப் பாத்தீய. நல்லதுன்னு சொன்னீயல்லா?”

“சொன்னேன்.”

“நான் ஊரு பூரா சொன்னேன். ஒங்களச் சொல்லித்தான் சொன்னேன். எங்க அண்ணன் படிச்சவாவன்னு.”

அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கி உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தாள். கூட இருந்த பெண்கள் தங்கள் குழிகளைப் பார்க்க ஓடினார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன்.

அடியில் கிடந்தவை முழுசாக வந்தன. மேலாக வெயில் பட்டுக் கிடந்தவைதான் கையில் வரவில்லை. பிடித்தால் நொறுங்கிச் சாணத்தோடு சாணமாக ஒட்டிக்கொண்டது. ஒரு உறையை எடுக்கப்போனால் நூறு துணுக்காகிறது. உச்சிப்பொழுது வரை பார்த்தாள். பிறகு எழுந்து கையை உதறினாள்.

“இத எடுக்க முடியாது. நீங்க வண்டியக் கொண்டு போங்க தம்பி” என்று டிராக்டர்க்காரனிடம் சொன்னாள்.

ஒரு வருஷத்துக் குப்பை. அதைக் காட்டுக்குக் கொண்டுபோவதில்லை என்று முடிவு செய்துவிட்டாள். ஏற்கெனவே பரப்பிய கீழ்க்காட்டு ஒரு குறுக்கத்தை உழாமல் விட்டாள். மற்ற மூன்றிலும் உரமில்லாமல் உளுந்து போட்டாள். ஊரில் எல்லோரும் அப்படி விடவில்லை. “வருசம் பூரா சேத்த குப்பைய விடவா முடியும்?” என்று சில வீடுகளில் அடித்துப் பரப்பி உழுதுவிட்டார்கள். அந்தக் காடுகளைத் தாண்டிப் போகும்போது நான் தலையைத் திருப்பிக்கொள்கிறேன்.

மறுநாளே மிட்டாய்க்காரரிடம் போய் வரியை எடுக்கச் சொன்னேன். பாகு காய்ந்துகொண்டிருந்தது. கரண்டியை விடாமலே கேட்டார்.

“சார், தப்புன்னா தப்புதான். ஆனா அடிச்ச ரோலு இன்னும் கெடக்கே, அத என்ன செய்ய? முடியட்டும், மாத்திருவோம். ஒங்க வரி நல்லாத்தான இருக்கு? எத்தன பேரு பாராட்டுதாங்க தெரியுமா?”

ரோல் எப்போது முடியும் என்று கேட்டேன். வியாபாரத்தைப் பொறுத்தது என்றார். கடைகளில் மிட்டாய் வாங்குகிறவர்களைப் பார்த்தால் இப்போது அவர்கள் பையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எந்த ஊருக்கு எடுத்துப் போகிறார்களோ, அங்கே எத்தனை குழியோ.

மழை வந்தது. உரம் போடாத உளுந்து தரையோடு தரையாக, சோகையாக முளைத்திருக்கிறது. கீழ்க்காடு சும்மா கிடக்கிறது. அங்கே மழை அடித்து மேலே தெரியவைத்த துணுக்குகளைப் பொறுக்க சனிக்கிழமைதோறும் போகிறேன். ஈரக் கரிசலில் இரண்டு அடி வைத்தால் காலில் மண் அப்பிச் செருப்பைவிடக் கனமாகிவிடுகிறது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை குச்சியால் சுரண்டிவிட்டு மறுபடி குனிய வேண்டும். ஒரு காலைக்குள் ஒரு பை சேரும். அடுத்த வாரம் போனால் நான் சுத்தம் செய்த இடத்திலேயே மறுபடி மினுங்கும்.

போன வாரம் தங்கை களையெடுத்துவிட்டு வரப்பு வழியாக வந்தாள். தண்ணீர்ப் பாட்டிலை வரப்பில் வைத்துவிட்டு நின்றாள். நானே கேட்டேன்.

“அடுத்த வருஷம் இதில விதைக்கலாமாம்மா?”

“எனக்குத் தெரியலண்ணே. ஒங்களுக்குத் தெரியுமா?”

பதில் இருக்கிற மாதிரி பேசுவது எனக்குக் கைவந்த பழக்கம்.

“தெரியாது” என்றேன்.

“அப்ப பொறுக்குங்க” என்று சொல்லிவிட்டு அவள் உளுந்துக் காட்டுக்குத் திரும்பிப் போனாள்.