மோர் ட்ரம்மும் கிரீன்லாந்தும்

அமெரிக்காவின் பிஸ்கட்டவே ஊரில், தமிழர் பிக்னிக்கில் மோரைக் குடித்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. உப்பே இல்லை!

மோர் ட்ரம்முக்குப் பொறுப்பு, புடவைக்கு ஸ்னீக்கர் போட்டிருந்த ஓர் ஆன்ட்டி. ஒவ்வொரு டம்ளருக்கும் முன்னால் அடிவரை கலக்குவார். நான் அவசரத்தில் நானே மொண்டுவிட்டேன்.

"கலக்காம மொண்டா ஐஸ் உருகின தண்ணிதான்பா வரும். உப்பெல்லாம் அடியிலயே நிக்கும்."

"கிரீன்லாந்து ஐஸ் உருகினா கடல்லயும் இதேதான் ஆன்ட்டி! நல்ல தண்ணி மேலயே மிதக்கும், குளிர்ந்த உப்புத்தண்ணி கீழ இறங்காது, நீரோட்டமே தளர்ந்துடும். ஆனா என் ஆராய்ச்சிக்கு நான் எழுதின கம்ப்யூட்டர் மாடல்ல ஐஸ் உருகினாலும் நீரோட்டம் ஒண்ணுமே மாறல. ப்ரொஃபசர் தீசிஸையே மாத்தச் சொல்றார்."

"அங்க யாருப்பா கலக்குறாங்க?" என்றார், வடையை நீட்டியபடி.

நான்தான்! மாடலில் உருகுநீரைக் கடலின் அடிவரை கலந்தல்லவா எழுதியிருந்தேன்? அவர் கேட்டது கேலியா கேள்வியா என்று இன்னும் தெரியவில்லை. திங்கட்கிழமை உருகுநீரை மேலடுக்கில் மட்டும் விட்டுப் பார்க்கப்போகிறேன்.